பெயர் கூப்பிடும் பாட்டு

பதினொரு பாட்டு, நாற்பத்தேழு நிமிடம். பாரிசுக்கு வடக்கே வில்பந்தில் ரெயின் ஏறித் தெற்கே அந்தோனியில் இறங்கப் பவளராணிக்குப் பிடிக்கிற நேரமும் ஏறக்குறைய அதுதான், ஒன்றிரண்டு நிமிடம் அங்கால் இங்கால் இருக்கும். யன்னல் பக்கத்து இருக்கை கிடைத்தது. அதையே நல்ல சகுனமாக வைத்துக்கொண்டு காதுக்குள் இரண்டு பக்கமும் வயரைச் செருகினாள், கைப்பையை மடியில் வைத்து அதன்மேல் போனை வைத்தாள், பிறகு பாட்டுப் பொத்தானை அமத்தாமல் இருந்தாள். அமத்தினால் தொடங்கிவிடும், தொடங்கினால் முடிந்துவிடும், முடியும்போது தன்னுடைய பெயர் வந்திருக்கும் அல்லது வராமல் போயிருக்கும். இப்போதைக்கு இரண்டும் இல்லை, அதில் ஒரு சுகம் இருக்கிறது. மூன்று நாளாக இந்தச் சுகத்தில்தான் ஓடுகிறது பிழைப்பு. ஏழு வருடம் ஒரு சத்தமும் இல்லாமல் இருந்துவிட்டு மூன்று நாளுக்கு முன் பழைய கன்ரீன் சிநேகிதி சிரா போனில் குரல் அனுப்பியிருந்தாள். அதே கரகரப்பு, அதே அவசரம், பின்னால் ஆரோ சிரிக்கிற சத்தம். “பவ்லா, என்ர புது ரெக்கோட் வந்திட்டுது. முதலாம் பாட்டிலிருந்து கேள், நடுவிலை பாயாதை. உன்னை அதுக்குள்ளை கூப்பிட்டிருக்கிறன். நான் கூப்பிடேக்கை நீ பதில் சொல்லோணும், மறந்திட்டியோ?” மறப்பாளா. சிரா பேசியது பிரெஞ்சு, அதுவும் சமையலறைப் பிரெஞ்சு, ஆனால் பவளத்தின் காதுக்குள் அது எப்பவும் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் வந்து இறங்கும். ஏன் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. பன்னிரண்டு தரம் கேட்டிருப்பாள் அந்தச் செய்தியை. பதில் போடவில்லை, பாட்டுக் கேட்டுவிட்டுப் போடலாம் என்று விட்டது. கதவு பூட்டுகிற மணி அடித்தது. சரி, வாறது வரட்டும் என்று அமத்தினாள்.

முதலில் கோரா. இருபத்தொரு தந்தி வைத்த பெரிய சுரைக்குடுக்கை வாத்தியம், சிராவின் தமையன் மாலியில் இருந்து வாசிப்பவர், அவர் படத்தை ஒருநாள் காட்டியிருக்கிறாள். தந்திகள் ஒன்றுக்குப் பின் ஒன்றாக உதிர்ந்தன, அவசரமே இல்லாமல். அடடா, நல்லாயிருக்கு என்று நினைத்து முடிக்கவில்லை, அதற்கு அடியில் மெசின் மேளம் வந்து இறங்கியது, டும் டக்க டும் டக்க என்று. லண்டனில் ஒரு வெள்ளைக்காரத் தயாரிப்பாளர் செய்தது, நேற்று ரெயினில் கிடந்த இலவசப் பேப்பரில் படத்தோடு போட்டிருந்தார்கள், வேர் ஆபிரிக்காவில், கிளை ஐரோப்பாவில் என்று ஒரு தலைப்பு. மரத்தைப் பற்றி எழுதினானோ மனுசியைப் பற்றி எழுதினானோ தெரியவில்லை. படத்தில் சிரா மெலிந்திருந்தாள், தலையில் மஞ்சள் துணி, கழுத்தில் பெரிய சிப்பி மாலை. அந்தக் கழுத்தில் முன்பு பிளாஸ்டிக் ஏப்பிரனின் நாடாதான் தொங்கும். பொறு, இந்த மேளம். டும் டக்க டும் டக்க. இது மெசின் மேளம் இல்லையே, இது தட்டு மூடி. பத்தொன்பதாம் வட்டாரத்துப் பள்ளிக்கூடக் கன்ரீனில் பாத்திரம் கழுவுகிற அறையில் சிரா கரண்டியால் சில்வர் மூடியில் தட்டுகிற தட்டு, ‘டக்க’வில் ஒரு சின்ன நொண்டல் இருக்கும், அந்த நொண்டல் அப்படியே இருக்கிறது. ஆறு வருடம் அந்தத் தட்டைக் கேட்டாள் பவளம். ஒருநாளைக்கு நானூறு பிள்ளைகளின் தட்டு, நீராவி, முழங்கை வரை றப்பர் கையுறை, ஒருத்தி மிச்சத்தை வழிப்பாள், மற்றவள் தண்ணீர் பீச்சுவாள். மேலாளர் அந்தப் பக்கம் வராத நேரம் பார்த்து சிரா பாடுவாள். அவள் பாடப் பிறந்த குலம், ஆரைப் பற்றியும் எழுநூறு வருடத்துக் கதையைப் பாட்டாகச் சொல்லத் தெரியும், ஆனால் கன்ரீனில் அவளிடம் ஆரும் கதை கேட்கவில்லை, கறட்டைச் சுத்தமாக வழி என்றுதான் சொன்னார்கள். பவளம் கேட்டாள். கேட்டாள் என்றால், வாயை மூடிக்கொண்டு கேட்டாள், மரியாதைக்கு. சிரா பாட்டை நிற்பாட்டி, “என்ன செத்துப்போனியோ?” என்றாள். அவர்கள் ஊரில் பாடுகிறவள் ஒரு வரி பாடினால் கேட்கிறவள் ஒரு சத்தம் கொடுக்க வேண்டுமாம், நாமு என்று, கேட்கிறேன், அப்படித்தான், மேலே சொல்லு என்ற அர்த்தத்தில். அது இல்லாவிட்டால் பாட்டு நிலத்தில் விழுந்துவிடும். அடுத்த வரிக்கு பவளத்தின் வாயிலிருந்து தன்பாட்டில் ஓம் என்று வந்தது. ஊரில் கதை கேட்கிற எல்லாரும் சொல்கிற ஓம்தான். சிரா கண்ணை விரித்துப் பார்த்தாள், பிறகு சிரித்தாள், பிறகு அந்த ஓமுக்காகவே வரிகளை நீட்டினாள். ரெயின் ஓல்னேயில் நின்றது. ஒரு பெரிய சூட்கேஸ் ஏறியது, அதன் பின்னால் ஒரு சின்ன மனிதர்.

இரண்டாம் பாட்டு இங்கிலீசில் தொடங்கியது. பேபி, கம் ஹோம் என்று சிரா பாட இன்னும் நாலு பேர் பின்னால் பேபி என்றார்கள். ஐயோ சிரா. சூப்பர்மார்க்கெட்டில் தக்காளி பொறுக்கும்போது மேலிருந்து கேட்கிற பாட்டுப் போல இருந்தது, நல்லாத்தான் இருந்தது, குறை சொல்ல முடியாது, பவளத்தின் கால்கூட ஒருதரம் ஆடியது. ஆனால் பேபியை நம்பி ஒரு பெயரை வைக்க முடியாது. முதல் ரெக்கோட்டில் நடந்தது அதுதானே. அது பிரான்சில் செய்தது, கம்பனிக்காரர்கள் பெயர்களை எல்லாம் வெட்டிவிட்டார்கள், ஒருபாட்டில் பதினேழு பெயர் இருந்ததாம், கேட்கிற சனத்துக்கு இந்தப் பெயர்கள் ஒன்றும் தெரியாது அம்மா, நேரம் போகிறது என்று சொன்னார்களாம். சிரா போன் எடுத்து அழுதாள், பெயரை வெட்டின புகழ்ப்பாட்டு அரிசி போடாத உலை என்று. அந்த வெட்டினதில் உன்ர பேரும் போச்சுது பவ்லா என்றாள். அப்போது பவளம், பரவாயில்லையடி, என்ர பேர் ஆருக்கு வேணும் என்று சொன்னாள். பச்சைப் பொய். அன்றைக்கு முழுக்க அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பவளராணி என்று ஆர் கூப்பிடுகிறார்கள் அவளை? நாற்பத்தாறு வயது. அம்மா பிள்ளை என்பாள். தங்கச்சி கனடாவில் இருந்து அக்கா என்பாள். முதியோர் இல்லத்துச் சமையலறையில், வங்கியில், டொக்டரிடம், வீட்டுக்காரனிடம், எங்கே போனாலும் மடாம் திலேயாம்பலாம். மார்பில் குத்துகிற அட்டையில் தில்லையம்பலம் என்று நீட்டுக்கு எழுதி, இடம் போதாமல் கடைசியில் ஒரு ‘ப’ போட்டுப் புள்ளி வைத்திருக்கிறது. அந்த ஒரு எழுத்துத்தான் அவள்.

பவளம் என்று கூப்பிட்டது ஒரு ஆள்தான். ‘ள’வில் கொஞ்சம் நின்று, கடைக்குப் பின்னால் இருந்தாலும் காதில் விழுகிற மாதிரி. அப்பா. நினைக்கக் கூடாது, பாட்டைக் கேள். மூன்றாம் பாட்டு ஆற்றைப் பற்றி, நாலாம் பாட்டு என்னவோ கல்யாணம், பெண்கள் குலவை போட்டார்கள், குலவைக்கு நடுவில் சிந்தசைசர் புகுந்து ஊளையிட்டது. பெயர் இல்லை. ஐந்தாம் பாட்டில் ஒரு ஆம்பிளை வந்து இங்கிலீசில் படபடவென்று பேசிவிட்டுப் போனான், ஆர் பெத்த பிள்ளையோ, நல்ல வேகம். யன்னலுக்கு வெளியே லா கூர்னேவ், பிறகு இருட்டு, கார் து நோரில் பாதிச் சனம் இறங்கி முக்கால்வாசிச் சனம் ஏறியது. ஆறாம் பாட்டு தொடங்கியதும் பவளத்துக்கு மயிர் கூச்செறிந்தது. மேளம் இல்லை, பேபி இல்லை, வெறும் குரல். கன்ரீன் குரல். நீராவிக்குள்ளிருந்து வந்த குரல். சிரா பெயர்களைச் சொல்லத் தொடங்கிவிட்டாள், ஒன்று, இரண்டு, ஐந்து, தன் குலத்துக் கிழவர்களின் பெயர்கள், அவர்கள் பாடிய ராசாக்களின் பெயர்கள். வா, வா, இப்ப வரும். பவளம் கைப்பையின் பிடியை இறுக்கினாள், வாயைத் திறந்து வைத்துக்கொண்டாள், ஓம் சொல்ல ஆயத்தம். ஒன்பது, பத்து. ஒரு தந்தி அறுந்தது மாதிரி டங் என்று பாட்டு முடிந்தது. வரவில்லை. வெட்டிவிட்டார்களோ? லண்டன்காரனும் கத்தரிக்கோல் எடுத்துவிட்டானோ? சிராவுக்கே தெரியாமல் வெட்டியிருப்பான், அவள் பாவம் தன் ரெக்கோட்டைத் தானே கேட்க நேரமில்லாமல் ஊர் ஊராய் ஓடுகிறாள். கூப்பிட்டிருக்கிறன் என்றாளே. கூப்பிட்டிருப்பாள், அது எங்கேயோ ஒரு கொம்பியூட்டருக்குள் கிடக்கும், அழித்த இடத்தில். முன் இருக்கையில் இருந்த இளம் பெட்டை இவளை ஒருமாதிரிப் பார்த்தாள், பவளம் திறந்த வாயைக் கொட்டாவி ஆக்கி மூடினாள்.

ஏழு, எட்டு, ஒன்பது, எல்லாம் ஆட்டப் பாட்டு. ஷாத்லே, சென் மிஷெல், லுக்சம்பூர்க், நிலத்துக்குக் கீழே ஆட்டம். அப்பாவை நினைக்கக் கூடாது என்றால் வேறு எதை நினைப்பது. கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர் தில்லையம்பலம் என்றால் அந்தப் பக்கத்தில் தெரியாத ஆள் இல்லை. நிவாரணச் சாமான் வருகிற நாளில் அப்பா குடும்ப அட்டைகளைக் கட்டாக வைத்துப் பெயர் கூப்பிடுவார், மூக்கு நுனியில் கண்ணாடி, நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். கூட்டத்துக்குள்ளிருந்து ஓம் என்று கேட்டால்தான் சீனி நிறுக்கும். ஓம் கேட்காவிட்டால் அட்டை அடியில் போகும், அது அவருடைய தம்பி வீட்டு அட்டையாக இருந்தாலும் சரி. பவளம் எட்டு வயதில் மாமூட்டைக்கு மேல் இருந்து இதைப் பார்த்தவள். கடைசியாகத்தான் எங்கடை அட்டையை எடுப்பார், அதற்குப் பெயர் கூப்பிட மாட்டார். தில்லையம்பலம் சொன்னால் சொன்னதுதான் என்று ஊருக்குள் ஒரு கதை. அந்தச் சொல்லைத்தான் அவர் ஒரு சிநேகிதருக்குக் கொடுத்தார், என்ர மூத்தவளை உன்ர மருமகனுக்குத் தாறன் என்று, பவளம் விமானம் ஏறி வந்தாள் பாரிசுக்கு. மாப்பிள்ளை நல்ல பெடியன், அதில் பொய் சொல்லக் கூடாது. குடியில்லை, சூதில்லை. சிரிக்கும்போது கையால் வாயை மூடுவான், முன்பல் இரண்டும் தெத்தி, அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது, பாவம் பார்த்து ஒரு ஆளைக் கட்டலாமா? மூன்றாம் நாள், எனக்கு ஏலாது என்றாள். ஏன் என்று கேட்ட ஒருத்தருக்கும் அவளால் காரணம் சொல்ல முடியவில்லை, இன்றைக்குக் கேட்டாலும் முடியாது. அப்பா போனில் கத்தவில்லை. கத்தியிருந்தால் இருபத்தொரு வருடம் போயிருக்காது. அட்டை வாசிக்கிற அதே குரலில், “என்ர பேரை நீ மிதிச்சுப் போட்டாய். இனி உன்ர வாயாலை என்ர பேர் வரக் கூடாது,” என்று சொல்லி வைத்துவிட்டார். நடந்த கூத்தைப் பாருங்கோ, அதற்கு அடுத்த மாதம் அகதிப் பதிவுக் கந்தோரில் படிவம் நிரப்பினால் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? மொழிபெயர்த்தவர் யோசிக்காமல் அப்பாவின் பெயரை அதில் இறக்கினார். அன்றையிலிருந்து அவள் சொல்லக் கூடாத பெயர்தான் அவளுடைய பெயர். முதல்நாள் கந்தோர் ஒலிபெருக்கியில் திலேயாம்பலாம் என்று கூப்பிட்டபோது பவளம் திடுக்கிட்டு வாசலைப் பார்த்தாள், அப்பா வந்துவிட்டாரோ என்று. பிறகு எழும்பிப் போய் ஓம் என்றாள்.

ரெயின் வெளிச்சத்துக்கு வந்தது. சித்தே யுனிவெர்சித்தேர், மரங்களில் இலை இல்லை. பத்தாம் பாட்டில் ஒரு பியானோவும் மழைச் சத்தமும், மழையைக்கூட ரெக்கோட் பண்ணிப் போட்டிருக்கிறார்கள், லண்டனில் அதற்குப் பஞ்சமில்லைத்தானே. ஆர்க்கேய், பன்யோ. இன்னும் ஒன்று. பதினொன்று தொடங்கியபோது அவள் ஆசையை விட்டுவிட்டிருந்தாள், அல்லது விட்டுவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கோரா வந்தது. தட்டு மூடி வந்தது, டும் டக்க. ஒரு பாஸ் கித்தார் அடியில் மெத்தென்று நடந்தது. எல்லாம் சேர்ந்து அழகாக, சும்மா சொல்லக் கூடாது, எல்லாம் ஒன்றுக்கொன்று இடம்விட்டு ஓடின. சிரா தன் பம்பாரா மொழியில் பாடினாள், நடுவில் பிரெஞ்சில் ஒரு வரி, வெந்நீருக்குள் கை வைத்தவளே, என் சொல் நிலத்தில் விழாமல் பிடித்தவளே. பவளம் நிமிர்ந்து இருந்தாள். நான்தான். நான்தான் அது. நெஞ்சு அடிக்கிறது காதுக்குள் கேட்டது, வயருக்குள்ளிருந்து வருகிறதோ என்று சந்தேகமாக இருந்தது. சொல்லு சிரா. பவளராணி என்று சொல்லு, பவ்லா என்றாவது சொல்லு. மேளம் நின்றது. சிரா மூச்சை இழுத்து எடுக்கிறது கேட்டது. பிறகு உச்சிக்குப் போய், ராசாக்களைக் கூப்பிட்ட அதே குரலில் கூப்பிட்டாள். தில்-லை-யம்-ப-லம்! திலேயாம்பலாம் இல்லை, ‘ழ’ கேட்டாலும் தருவாள் போல அவ்வளவு துப்புரவாகத் தில்லையம்பலம். கூப்பிட்டுவிட்டு நிறுத்தினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நாலு அடிக்கு ஒன்றும் இல்லை, கோரா இல்லை, மெசின் இல்லை, சுத்த வெறுமை. ஓமுக்கு விட்ட இடம். இரண்டாம் தரம் கூப்பிட்டாள், திரும்பவும் நாலு அடி வெறுமை. மூன்றாம் தரம். பவளத்தின் வாய் திறக்கவில்லை. பாட்டு அந்த மூன்றாவது வெறுமையிலேயே முடிந்தது.

கோபம்தான் முதலில் வந்தது, வேறென்ன. இவ்வளவு நேரம் காத்திருந்து, இவ்வளவு காலம் காத்திருந்து, கூப்பிட்டது அவரை. இங்கேயும் அவர்தான். என்னுடைய சிநேகிதி, என்னுடைய வெந்நீர், என்னுடைய ஓம், மாலை போய் விழுந்தது சங்கக்கடை மனேச்சருக்கு. பிழை சிராவில் இல்லை என்று தெரிந்ததும் கோபம் இன்னும் கூடியது. கன்ரீனில் ஒருநாள் சிரா ஈரக் கையால் இவளுடைய அட்டையைப் பிடித்து எழுத்துக்கூட்டி வாசித்து, இது உன்ர வம்சத்தின்ர பேரோ என்று கேட்டாள். இல்லை, இது என் தகப்பனின் பெயர், அவர் என்னோடு கதைக்கிறதில்லை, எங்களிடம் வம்சப் பெயர் என்று ஒன்று கிடையாது என்று சொல்லலாம். அதைச் சொல்லப் பிரெஞ்சும் போதாது, முகமும் இல்லை. ஓம் என்றுவிட்டாள். சிரா அன்றைக்கு இரண்டு மணித்தியாலம் அந்தப் பெயரைச் சரியாகச் சொல்லப் பழகினாள், நாக்கை மடி, இன்னும் மடி என்று இவளே சொல்லிக் கொடுத்தாள், அதுதானே இந்தத் துப்புரவு. அம்மா வைக்கிற பேர் சாப்பிடக் கூப்பிடுறதுக்கு, வம்சத்தின்ர பேர் பாட்டிலை கூப்பிடுறதுக்கு என்றாள். பெரிய பேர் பவ்லா, ஒரு ராசாவுக்குக் காணும் என்றாள். அதைக் கேட்டால் அப்பா என்ன சொல்லியிருப்பார்? நல்லாய்க் குளிர்ந்திருப்பார், வெளியில் காட்ட மாட்டார், கண்ணாடியைத் துடைப்பார். எண்பத்துமூன்று வயது. ஆர் இப்ப அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்? அந்த எண்ணம் வந்ததும் பவளத்தின் கோபம் நின்ற இடத்தில் நின்றது. அம்மா இந்த ஐம்பது வருடத்தில் ஒருநாள் சொன்னதில்லை, இஞ்சருங்கோ என்பாள், கொப்பர் என்பாள், அந்தக் காலத்து மனுசி, புருசன் பெயரைச் சொல்ல மாட்டாள். ஊரில் மனேச்சர் என்பார்கள், பிள்ளைகள் தாத்தா என்பார்கள். தில்லையம்பலம் என்று உரிமையோடு கூப்பிட்ட கூட்டாளிகள் ஒவ்வொருத்தராகப் போய், கடைசியாகக் கந்தப்பு மாமாவும் தை மாசம் போய்விட்டார், அம்மா சொன்னாள். அந்த நாட்டில் அந்தப் பெயருக்கு இனி ஒரு வாய் இல்லை. இங்கே முன்பின் தெரியாதவர்கள் நாள் முழுக்கக் கூப்பிடுகிறார்கள், அவள் எழும்பி எழும்பி ஓம் சொல்கிறாள், அவருக்குக் கிடைக்க வேண்டியதை எல்லாம் இருபத்தொரு வருடமாக அவள் வாங்கி வைத்திருக்கிறாள்.

அங்கே மூன்றேகால் இருக்கும், தேத்தண்ணி நேரம். பவளம் வயரைக் கழற்றினாள், அம்மாவின் நம்பரை அமத்தினாள், யோசிக்கவில்லை, யோசித்தால் அந்தோனி வந்துவிடும். அம்மா எடுத்தாள், எடுத்த உடனே ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள், போனைக் காதில் வைத்தால் சூடு என்பாள், அது சாட்டு. போன் அடித்தால் அப்பா எழும்பி வெளியே போவார் என்பதும் விறாந்தையில், போன் சத்தம் கேட்கிற தூரத்தில் உள்ள வயிரவர் படத்தடிக் கதிரையைத் தாண்டிப் போக மாட்டார் என்பதும் அம்மாவுக்குத் தெரியும், பவளத்துக்கும் தெரியும், தெரியும் என்று ஒருத்தரும் சொல்வதில்லை. “என்ன பிள்ளை, இந்த நேரத்திலை? வேலை இல்லையோ?” “ரெயினிலை அம்மா. தேத்தண்ணி குடிச்சாச்சோ?” “குடிச்சாச்சு. சீனி காணாதாம் சிலருக்கு. டொக்டர் சொன்னதைக் கேட்டால்தானே.” சிலர் என்றால் அவர். “கால் வீக்கம் எப்பிடி அம்மா?” “வத்தியிருக்கு. நடந்தால் வத்தும், நடக்கினமோ? பேப்பரும் கையும்.” தூரத்தில் பேப்பர் மடிக்கிற சத்தம் கேட்டது. வெளியே பூர் லா ரெய்ன், அடுத்தது அந்தோனி. “அம்மா, நீங்கள் அப்பான்ர பேரை எப்பவாவது வாய்விட்டுச் சொல்லியிருக்கிறியளோ?” “சீ, உதென்ன கதை? விசரோ உனக்கு?” “இஞ்சை என்ர சிநேகிதி ஒருத்தி, ஆபிரிக்காப் பிள்ளை, பெரிய பாட்டுக்காரி, ஒரு பாட்டிலை அந்தப் பேரைக் கூப்பிட்டிருக்கிறாள் அம்மா. ராசாவைக் கூப்பிடுற மாதிரி. உலகம் முழுக்க விக்குது.” “ஆரின்ர பேரை?” “பொறுங்கோ,” என்றாள் பவளம். பயமாக இருந்தது. சொல்லக் கூடாது என்றவர் இருக்கிறார் அங்கே, காது நல்லாய்க் கேட்கும், எழும்பிப் படலையைத் தாண்டிப் போய்விட்டால் பிறகு அந்தக் கதிரையும் இல்லை. கைப்பையில் விரலால் தட்டினாள், டும் டக்க டும் டக்க. முன்னால் இருந்த பெட்டை இப்போது உண்மையாகவே பார்த்தாள். பார்க்கட்டும். பவளம் மூச்சை இழுத்தாள், சிரா இழுத்த மாதிரி, பிறகு ரெயின் முழுக்கக் கேட்கிற மாதிரி உச்சத்தில் கூப்பிட்டாள், “தில்-லை-யம்-ப-லம்!”

கூப்பிட்டுவிட்டு நிறுத்தினாள். ஒன்று. இரண்டு. பெட்டி முழுக்கத் தலை திரும்பியிருந்தது, ஒரு ஆள் காதில் இருந்ததைக் கழற்றினான். மூன்று. பேப்பர் கீழே விழுகிற சத்தம்.

“ஓம்,” என்றது போன்.

தூரத்திலிருந்து வந்தது, கரகரத்து, நித்திரையால் எழும்பினவர் குரல் மாதிரி, தன்னை அறியாமல் வந்த ஓம். கூட்டத்துக்குள்ளிருந்து எத்தனையோ பேர் அவருக்குச் சொன்ன ஓம். கதிரையைப் பின்னுக்கு அரக்குகிற சத்தம் கேட்டது. போகிறார், படலைக்குத்தான் போகிறார் என்று பவளம் கண்ணை மூடிக்கொண்டாள். சிலிப்பர் நிலத்தில் இழுபட்டது, நின்று, திரும்பவும் இழுபட்டது, சத்தம் குறையவில்லை, கூடியது. அம்மா, “மெதுவா வாங்கோ,” என்றாள். ரெயின் அந்தோனியில் நின்று கதவு திறந்தது, சனம் இறங்கியது, பவளம் எழும்பவில்லை. போனுக்கு மிகக் கிட்டத்தில் ஒரு மூச்சுக் கேட்டது.

“பவளம்.” ‘ள’வில் கொஞ்சம் நின்று.

“ஓம்,” என்றாள்.

கதவு பூட்டுகிற மணி அடித்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார் போல, கொஞ்ச நேரம் எடுத்தது.

“இன்னொருக்காக் கூப்பிடு பாப்பம்,” என்றார் அப்பா.